துப்பாக்கி லைசென்ஸின் சாதி

2024 ஜூலை 5 அன்று மாலை பெரம்பூரில், தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டருகே பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். உணவு விநியோகிப்பவர்களின் உடையில் வந்தவர்களும் அந்தக் கும்பலில் இருந்தார்கள். அதன் பிறகு திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் நாங்கள் போகும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. கம்பெனி ஷிப்ட் முடித்து நேராக வரும் தம்பிகள்தான் அதிகம் கேட்கிறார்கள். "துப்பாக்கி லைசென்ஸ் எப்படி வாங்குவது? எந்த பிஸ்டல் நல்லது? இடுப்பில் தெரியாமல் வைத்துக்கொள்ள எந்தக் காலிபர் தோது?" பாதிப் பேர் அமெரிக்கக்காரர்களின் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 9 மி.மீ.யா, .380ஆ, .45ஆ என்று அங்கே முடிவில்லாத பட்டிமன்றம் நடக்கிறது.

இந்தக் கேள்வியை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிட நாங்கள் தயாராக இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர்கள் கேட்டுவரும் கேள்வி இது. அண்ணல் அம்பேத்கரே இதற்கு இரண்டு முறை, இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

முதலில் அந்தக் காலிபர் விஷயத்தை முடித்துவிடுவோம். இந்தியாவில் அதைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, சட்டம். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா எந்தத் துப்பாக்கியில் நுழையுமோ, அது 'தடை செய்யப்பட்ட ரகம்'. 9 மி.மீ. சர்வீஸ் தோட்டா, .380, .455 ஆகியவற்றைச் சுடும் கைத்துப்பாக்கிகளும், .303, 7.62 மி.மீ. ரைபிள்களும் சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. கைத்துப்பாக்கியில் மிச்சமிருப்பது பெரும்பாலும் .32, அதற்குக் கீழே .22. அதனால்தான் அரசின் கான்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் ரிவால்வரும் .32, இசாப்பூரின் 'அசானி' பிஸ்டலும் .32. இரண்டுக்கும் எண் ஒன்றாக இருந்தாலும் தோட்டா வேறு. ரிவால்வருக்கு நீளமான, விளிம்பு வைத்த தோட்டா. பிஸ்டலுக்குக் குட்டைத் தோட்டா. அந்த ரிவால்வரின் மூல வடிவம் பிரிட்டிஷ் படைகள் வைத்திருந்த வெப்லி. அதை .380லிருந்து .32க்கு இறக்கி, நம் கைக்கு 'ஆபத்தில்லாதது' ஆக்கினார்கள்.

2014இல் பெண்களின் பாதுகாப்புக்கென்று 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வரைக் கான்பூரில் வெளியிட்டார்கள். டெல்லியில் கொல்லப்பட்ட அந்த இளம்பெண்ணின் நினைவாகப் பெயர். எடை ஏறத்தாழ அரைக் கிலோ, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒரு தங்கை அன்றைக்கு எத்தனை மாதச் சம்பளத்தைச் சேர்த்தால் அதை வாங்கியிருக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறைத்து வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சில மாநிலங்களில் மட்டும் அதற்குத் தனி அனுமதி வேண்டும். இங்கே 2016 படைக்கல விதிகளின்படி, லைசென்ஸ் உள்ளவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே காட்டுவதுதான் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு வீடியோ போடும் 'பெரிய வீட்டுப் பிள்ளைகள்' எல்லாம் இந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டின் வரலாறு நாம் தினமும் பார்க்கும் ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை ஓடுகிறது. வண்டியின் பெயர் புல்லட். கம்பெனியின் சின்னம் பீரங்கி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் சைக்கிள் செய்த கம்பெனி, என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த பெருமையில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதே என்ஃபீல்டின் பெயர் தாங்கிய 1853 மாதிரித் துப்பாக்கிதான் 1857 சிப்பாய் கலகத்தின் திரி. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற பேச்சு கிளம்பியது அதற்காகத்தான். அந்தச் செய்தியை மங்கள் பாண்டேவுக்கு முதலில் சொன்னவர் மாதாதீன் பங்கி என்ற தீண்டப்படாத தொழிலாளி என்று வடநாட்டுத் தலித் மக்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. தண்ணீர்ச் செம்பைத் தொடவிடாத பார்ப்பனச் சிப்பாயிடம், தோட்டாவை வாயில் கடிக்கிறாயே, அப்போது உன் சாதி எங்கே போயிற்று என்று அவர் கேட்டாராம். பாடப்புத்தகத்தில் மங்கள் பாண்டேவுக்கு மட்டும்தான் இடம்.

கலகம் அடங்கியதும் ஆயுதப் பறிப்பு தொடங்கியது. நம் தமிழ் மண்ணில் அது அதற்கும் முன்பே நடந்துவிட்டது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார். 1857க்குப் பிறகு அதுவே இந்தியா முழுமைக்குமான கொள்கையாகி, 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் படைக்கலச் சட்டமாக உறுதிப்பட்டது. இந்தியர் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் விலக்கு. மன்னர் குடும்பத்தாருக்கும் பட்டம் பெற்ற சீமான்களுக்கும் விலக்கு.

குடகில் இன்னும் வெளிப்படை. 'கூர்க் இனத்தாருக்கும்' ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் 1861லேயே விலக்கு கொடுத்தார்கள். ராணிக்கு விசுவாசமாக இருந்ததற்கு வெகுமதி. வெள்ளைக்காரன் போய்விட்டான், விலக்கு போகவில்லை. 2019இல் ஒன்றிய உள்துறை அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பிறப்பையும் நிலத்தையும் வைத்துத் துப்பாக்கி உரிமை தரும் ஏற்பாடு இன்றைய இந்தியாவில் சட்டப்படி உயிரோடு இருக்கிறது. அதே குடகில் காப்பித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலி செய்யும் எரவர்களின் குடிசையில் எந்தத் துப்பாக்கி தொங்கும்?

நம்மவர்கள் ஆயுதமே ஏந்தாதவர்கள் என்ற கதையையும் நம்ப வேண்டாம். 1818 ஜனவரி 1 கோரேகான் போரில் மகர் வீரர்கள் நின்றது எல்லோருக்கும் தெரியும். அங்கே பீரங்கிகளைக் கையாண்டது சென்னைப் பீரங்கிப் படை என்பது பலருக்குத் தெரியாது. சென்னை ராணுவத்தில், குறிப்பாக சாப்பர்ஸ் படையில், பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். அண்ணலின் தந்தை ராம்ஜி சுபேதார். மூத்த தலைமுறை வாங்கிய படைச் சம்பளமும் ராணுவப் பள்ளிக்கூடமும் இல்லையென்றால் அம்பேத்கர் என்ற மாணவர் உருவாகியிருப்பாரா என்பது சந்தேகம். பிறகு 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஒரு கோட்பாட்டை ஆங்கிலேய அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நின்றது. தென்னிந்தியர்களும் தள்ளப்பட்டார்கள். கோரேகானில் சுட்டவர்களின் பேரன்கள் 'போருக்கு லாயக்கற்றவர்கள்' ஆனார்கள். அண்ணல் உள்ளிட்டோர் விடாமல் வற்புறுத்திய பிறகு, 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது.

இந்தப் பின்னணியில்தான் 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அண்ணல் முதல் பதிலைச் சொன்னார். இந்தியாவில் சமூகப் புரட்சி ஏன் நடக்கவில்லை என்று கேட்டுவிட்டு, நான்கு வருணம் உழைக்கும் மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது, ஆயுதம் இல்லாதவர்களால் கலகம் செய்ய முடியவில்லை என்றார். படைப்பணி, வாக்குரிமை, கல்வி ஆகிய மூன்றையும் விடுதலைக்கான ஆயுதங்களாக வரிசைப்படுத்தினார். மூன்றும் நமக்கு மறுக்கப்பட்டவை.

இதைப் படித்துவிட்டு உற்சாகமாகும் தோழர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளி, அரசியல் நிர்ணய சபைக்கும் வர வேண்டும். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. அதை அரசமைப்பில் சேர்க்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் அம்பேத்கர். எவரும் சந்தைக்குப் போய்த் தாக்குதல் கருவிகளை வாங்கலாம் என்றால் அரசு எப்படி நடக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். நெருக்கடி காலத்தில் குடிமகனுக்கு ஆயுதம் ஏந்தும் கடமை உண்டு, தனிமனித உரிமையாக அதைத் தர முடியாது என்று முடித்தார்.

இரண்டும் முரண் என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 1936இல் அவர் பேசியது ஒரு மக்கள் திரளிடமிருந்து ஆயுதமும் அதிகாரமும் பறிக்கப்பட்டதைப் பற்றி. 1948இல் அவர் முன் இருந்தது வேறொரு கணக்கு. நிலமும் பணமும் ஊரும் ஒரு பக்கம் குவிந்திருக்கும் நாட்டில் சந்தையைத் திறந்துவிட்டால், முதலில் வாங்குபவன் யார்? சேரியில் இருப்பவனா? ரைபிள் கடைக்கு முன்னால் சமத்துவம் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

இருபது ஆண்டுகளில் கீழ்வெண்மணி அதைக் காட்டியது. 1968 டிசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சுட்டார்கள். ஓடியவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். ரவை பட்ட காயத்தோடு தப்பியவர்கள் பிறகு சாட்சி சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை கொடுத்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு யோசித்தது. அந்த மனிதர்கள் துப்பாக்கி வைத்திருந்தது மட்டும் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பெரும்புதூர் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். மிராசுதாரின் பிடியில் நிலமற்றவர்களாக நம் முன்னோர் கிடந்ததை எழுதினார். அதிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நூறு ஆண்டு கழித்து அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 2011 செப்டம்பர் 11 பரமக்குடியிலும் போலீஸ் துப்பாக்கிதான். இமானுவேல் சேகரன் நினைவுநாளுக்கு வந்தவர்கள் குண்டு பட்டுச் செத்தார்கள். இங்கே நம்மைச் சுட்ட துப்பாக்கிகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் அதிகம் அரசின் கையில் இருந்தவை. அவற்றுக்கு எதிராக .32 ரிவால்வர் ஒன்றும் செய்யாது. செய்ய நினைக்கவும் கூடாது.

ஆதிக்கச் சாதி வெறியர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அரிவாளைத்தான் எடுக்கிறார்கள். மேலவளவு முருகேசன் தலைவராக நிற்பதற்கே மிரட்டப்பட்டார். பாதுகாப்பு கேட்டார். 1997 ஜூன் 30 அன்று அவரும் உடன் வந்தவர்களும் பேருந்தில் வைத்து வெட்டப்பட்டார்கள். நம் சிப்காட் பகுதியில் இரும்புக் கழிவு ஒப்பந்தத்துக்காக நடக்கும் கொலைகளும் நாட்டு வெடிகுண்டு, அரிவாள், பத்துப் பேர் என்ற அதே கணக்கில்தான் நடக்கின்றன. அந்தச் சண்டைகளில் சாகிறவர்களிலும் சிறைக்குப் போகிறவர்களிலும் நம் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். கும்பலாக வந்து, சில நொடிகளில், பின்னாலிருந்து வெட்டுவது அவர்கள் முறை. உறைக்குள், சட்டைக்கு அடியில் இருக்கும் துப்பாக்கி வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆம்ஸ்ட்ராங்கிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்காக அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்திருந்தார், ஜூன் 13 அன்று திரும்பப் பெற்றுவிட்டார் என்று அப்போதைய சென்னை காவல் ஆணையர் சொன்னார். கொலை நடந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதே சாலையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள். 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். கிங் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கொடுப்பதும் மறுப்பதும் உள்ளூர் அதிகாரியின் விருப்பம், அதிகாரி வெள்ளையர். 1967இல் கருஞ்சிறுத்தைகள் அன்றைய கலிபோர்னியச் சட்டம் அனுமதித்தபடியே வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி ரோந்து வந்தபோது, அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரொனால்டு ரீகன். நம் தலித் சிறுத்தைகள் 1972இல் பம்பாயில் அவர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள், துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. கிங்கை 1968இல் கொன்றது தூரத்திலிருந்து சுடப்பட்ட ரைபிள். மறுக்கப்பட்ட அந்த அனுமதி கிடைத்திருந்தாலும் அந்தத் தோட்டாவைத் தடுத்திருக்காது. மறுத்தது அநியாயம் என்பதும் அதனால் மாறிவிடாது.

இனி சட்டத்துக்குள் வருவோம். மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1959 படைக்கலச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் ஓர் அருமையான வரி இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சீமான் சலுகைக்கு எதிராக எழுதப்பட்ட வரி இது. ஆனால் அதற்கு முந்தைய பிரிவில், கைத்துப்பாக்கி கேட்பவருக்குத் 'தகுந்த காரணம்' இருக்கிறதா என்று அதிகாரி பார்க்க வேண்டும் என்று உள்ளது. வெளியே தள்ளிய சொத்து இந்தக் கதவு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நகைக்கடைக்காரருக்கும், கட்டுக்கட்டாகப் பணம் கொண்டுபோகும் ரியல் எஸ்டேட் முதலாளிக்கும் காரணம் சொல்வது எளிது. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு திருப்பெரும்புதூரில் ஒற்றை அறையில் ஒளிந்து வாழும் இருவருக்குக் கொலை மிரட்டல் வருகிறது என்றால், அது முதலில் போலீஸ் நிலையத்தில் புகாராகப் பதிவாக வேண்டும். அங்கேயே பாதி வழக்கு செத்துவிடும்.

இன்னொரு பொறி 9ஆவது பிரிவில். 21 வயது நிறையாதவருக்கு லைசென்ஸ் கிடையாது, அது சரி. அமைதி காப்பதாகவும் நன்னடத்தைக்கும் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கும், அந்தப் பத்திரக் காலம் முடியும் வரை கிடையாது. நம் ஊர்களில் வன்கொடுமை நடந்ததும் போலீஸ் செய்யும் முதல் வேலை என்ன? எதிர் வழக்குப் போட்டு, அடித்தவனையும் அடிபட்டவனையும் சேர்த்து ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி, 107இன் கீழ்ப் பத்திரம் எழுதி வாங்குவது. புதிய சட்டத்தில் அதற்கு 126 என்று எண் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. யாருக்கு மெய்யாகவே உயிர் ஆபத்தோ, அவரைத் தகுதியில்லாதவர் ஆக்கிவிடுகிறது அந்த ஒரு காகிதம். கள்ளத் துப்பாக்கிப் பக்கம் எவரும் திரும்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்ட ரகம் ஒன்று கையில் இருந்தாலே 7 ஆண்டுக்குக் குறையாத சிறை.

நம் கையில் இருக்கும் முக்கியமான ஆவணம் வேறு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகள். அதில் 3ஆவது விதி வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அடையாளம் காணச் சொல்கிறது. அடையாளம் கண்ட பகுதியில், தேவையென்றால், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை அது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவையென்றால், அவர்களுக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்களுடையதை எடு. அதன் பிறகு நமக்குக் கொடு. 1936க்கும் 1948க்கும் இடையில் கிடந்த கேள்விக்கு இந்த நாட்டின் சட்டம் எழுதிய பதில் இது என்று நாங்கள் வாசிக்கிறோம். நம் தோழர்கள் மூன்றாவதை மட்டும் பேசுகிறார்கள், ஏனென்றால் அதில் ஒரு பொருள் கையில் கிடைக்கிறது. கீழ்வெண்மணியில் தேவைப்பட்டது முதலாவது. டிசம்பர் 25க்கு முன்னால் ஒரு கலெக்டர் அந்தத் துப்பாக்கிகளை வாங்கிக் கிடங்கில் வைத்திருந்தால், அத்தனை பேர் ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிய நேர்ந்திருக்காது.

மிரட்டல் உள்ள தோழர் லைசென்ஸ் கேட்கலாம். கேட்பது அவர் உரிமை. எங்களால் முடிந்த சட்ட உதவியைச் செய்வோம். மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, மேல்முறையீடும் செய்வோம். ஆனால் அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விதி 17இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்பாகக் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு. அதில் மூன்றே கேள்விகள். திருப்பெரும்புதூர், குன்றத்தூர் வட்டங்களில் விதி 3இன் கீழ் அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அந்த ஊர்களில் நடப்பில் உள்ள துப்பாக்கி லைசென்ஸ்கள் எத்தனை, அதில் பட்டியல் சாதியினரிடம் உள்ளவை எத்தனை? 1995 முதல் இன்று வரை அந்த விதியின் கீழ் ரத்து செய்யப்பட்டவை எத்தனை? வார இறுதியில் ஒரகடத்தில் மனுவின் மாதிரியை உட்கார்ந்து எழுதலாம். பத்து ரூபாய் கட்டணத்துக்கு நீதிமன்ற வில்லையும், முகவரிச் சான்றின் நகலும் எடுத்து வாருங்கள்.